செட்டருக்குள் மேகலா

லோகநாதனுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை அவனுடைய கதையாகப் போயிருக்கும். ரத்தம் எடுக்க வந்த பெண் அவன் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க ரத்தம் ஆகாது. சுகர் எக்கச்சக்கமா இருக்கு. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். அவன் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏ மேகலா, இங்க வா. உன்ர கையக் குடு" என்றான். எதற்கென்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அந்த வீட்டில் எல்லாக் காரியமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஊசி வெளியே வந்த பிறகுதான் கேட்டாள். "எதுக்குங்க ரத்தம்?"

"இதுல இருந்து மூளை செய்வாங்களாம்" என்றான் லோகநாதன். "உனக்குத்தான் மண்டைக்குள்ள வளரல, வெளியிலயாச்சும் வளருதான்னு பாப்போம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஊசிக்காரப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். மூளையில்லாதவளே என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவன் மேகலாவைக் கூப்பிடும் பேர். கோபத்தில் கூப்பிட்டால் ஒரு மாதிரி, குஷியில் கூப்பிட்டால் ஒரு மாதிரி. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாமக்கல்லிலிருந்து வளையப்பட்டி போகிற பாதையில் இருந்தது அவர்களுடைய குஞ்சு பொரிப்பகம். ஷெட்டுக்குள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரும்பு அலமாரிகள், அவற்றுக்குச் செட்டர் என்று பேர். உள்ளே அடுக்கடுக்காக முட்டைத் தட்டுகள். அடைக்கோழியின் சூட்டையும் ஈரத்தையும் மிஷினே கொடுத்துவிடும். கோழி செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. அது சும்மா குந்திக்கொண்டிருப்பதில்லை, முட்டைகளை அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருக்கும். அதற்கும் செட்டரில் ஒரு மோட்டார். மணிக்கொரு தரம் தட்டுகள் எல்லாம் இடப்பக்கம் சாயும், அடுத்த மணிக்கு வலப்பக்கம். சாய்க்காமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே செத்துப்போகும்.

ஆட்டம் நிற்கக் கூடாது. பொரிப்பகத்துக்காரர்களுக்கு இதுதான் சாமி. கரண்டு போனால் லோகநாதன் மின்வாரியத்துக்குப் போன் போட்டுக் கத்துவான், மேகலா ஓடிப்போய் லீவரைப் பிடிப்பாள். கையாலேயே செட்டர் செட்டராகச் சாய்த்துக்கொண்டு போவாள். அந்த ஷெட்டில் அவள் தொடாத வேலை ஒன்றே ஒன்றுதான். முட்டைக் கோழி இனத்தில் சேவல் குஞ்சால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பொரித்த அன்றைக்கே பிரித்தெடுத்துக் கொன்றுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் அவள் வீட்டுக்குள் போய் மிக்சியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் போடுவாள்.

பிறகு பறவைக் காய்ச்சல் வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து குழி வெட்டினார்கள், சுண்ணாம்பு கொட்டினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அந்த ஷெட்டுக்கு முட்டை கொடுக்க ஒரு பண்ணைக்காரனும் தயாராக இல்லை. செட்டர்கள் சும்மா நின்றன. லோகநாதனும் சும்மா இருந்தான், போனை நோண்டிக்கொண்டு. சும்மா இருக்கிற ஆம்பிளை கையில் போன் இருந்தால் என்ன வருமோ அது வந்தது. ஜீவன் வந்தது.

ஜீவன் என்பது காசு. கையில் பிடிக்க முடியாத காசு. நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, பிரியாணி போட்டு, அந்தக் காசை மிஷின் வைத்து வீட்டிலேயே எடுக்கலாம், அதற்கு மைனிங் என்று பேர் என்று படம் காட்டினார்கள். லோகநாதன் திரும்பி வந்தபோது மிஷினுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தான். மேகலாவிடம் யோசனை கேட்பதா? அந்த வழக்கம் அங்கே ஏது! அதற்குப் பிறகுதான் ஊசிக்காரப் பெண் ரத்தம் எடுக்க வந்தாள்.

மிஷின் பூட்ட வந்தவன் பேர் ஆல்வின். நாகர்கோவில் பக்கத்துப் பையன், பெங்களூர்க் கம்பெனி வேலை, பார்த்தால் கல்லூரி மாணவன் மாதிரி இருந்தான். வந்ததும் செட்டர்களை மோந்து பார்த்தான். "பார்மலின் போட்டுக் கழுவியிருக்கீங்களா? அந்த வாடை கொஞ்சம் இருந்தாலும் செல்லு செத்துரும்" என்று சொல்லிவிட்டான். மேகலா வெந்நீரில் கழுவினாள். அவன் மறுபடி மோந்தான். மறுபடி கழுவினாள். அவன் சரி என்று சொல்வதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. லோகநாதன் மேற்பார்வை பார்த்தான்.

பிறகு வேனிலிருந்து சாமான்கள் இறங்கின. சர்க்கரைத் தண்ணீர் டேங்க், அதற்கொரு பம்பு, தலைமுடி கனத்தில் ரப்பர்க் குழாய்கள், கரண்டு போனாலும் நிற்காத பேட்டரி, வயர்கள் எல்லாம் வந்து சேருகிற ஒரு கறுப்புப் பெட்டி. கடைசியாகக் குளிர்பெட்டியில் கண்ணாடித் தட்டுகள். மூடிபோட்ட தட்டுகள், உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர், அதற்கடியில் பாலாடை மாதிரி ஒரு படலம். முட்டைத் தட்டு உட்காருகிற இடத்தில் அதுவும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆல்வினே அசந்துபோனான்.

"மைனிங்குன்னா சொரங்கம் வெட்டறதுதானுங்க தம்பி?" என்று கேட்டாள் மேகலா. "இதுல எங்க வெட்டறது?"

"மண்ணெல்லாம் வெட்டுகதில்லக்கா. ஒரு பூட்டு இருக்குன்னு வச்சுக்கிடுங்க. உலகம் பூரா ஆளாளுக்கு ஒவ்வொரு சாவியா போட்டுப் பாத்துட்டே இருக்காங்க. யாரோட சாவி முதல்ல சேருதோ அவங்களுக்குக் காசு. உடனே அடுத்த பூட்டு."

"பூட்டத் தொறந்தா உள்ள என்ன இருக்குதுங்?"

ஆல்வின் குழாய் மாட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "உள்ள ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை பாடு?"

"முந்தி இத சிலிக்கான் மிஷின் செஞ்சுது. ஒரு ஷெட்டுக்கு ஒரு ஊரு கரண்டு வேணும். அதான் அரசாங்கம் அதையெல்லாம் மூடிட்டுது. இது நரம்பு செல்லு. ஊகிக்கிறதுல இத மிஞ்ச ஆளில்ல, கேட்டியளா. சர்க்கரைத் தண்ணியும் அடைக்கோழிச் சூடும் போதும்."

மேகலா ஒரு தட்டை எட்டிப் பார்த்தாள். "இது என்ர மூளைங்களா?"

"அக்கா, அந்த வார்த்தையே சொல்லப்படாது. கம்பெனில தட்டுன்னுதான் சொல்லணும். உங்க ரத்தத்துல இருந்து வளத்த செல்லு, அவ்வளவுதான்."

"வலிக்குமா தம்பி அதுக்கு?"

"கண்ணு இல்ல, காது இல்ல, தோலு இல்ல. வெளியில ஒண்ணு இருக்குன்னே அதுக்குத் தெரியாது. ஒண்ணுமே தெரியாததுக்கு வலி எங்கேருந்து வரும்? அப்படி இருக்கிறதாலதான் இதுக்கு அனுமதியே கிடைச்சுது." பையன் நம்பித்தான் சொன்னான். அவன் மேல் தப்பில்லை.

கறுப்புப் பெட்டியின் முகப்பில் ஒரு சின்னத் திரை. அதில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. செட்டரில் இருக்கிற தட்டுகள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையின் அளவு அது. கோடு நெளியாமல் ஓடினால் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஆல்வின் கிளம்பிப் போனான்.

அவன் போனதும் மேகலா செட்டர் கதவைச் சாத்தினாள். சாத்தியதும் பக்கத்திலிருந்த பச்சை சுவிட்சைத் தட்டினாள். ஆட்டத்துக்கான சுவிட்ச். கை தன்னால் போயிற்று. கதவைச் சாத்தினால் ஆட்டத்தைப் போட வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அது. கம்பெனியின் சொந்தப் பெட்டிகளில் ஆட்டம் என்கிற சங்கதியே கிடையாது. அதனால் ஆல்வினுக்கு அதை வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. மோட்டார் உறுமியது. தட்டுகள் இடப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தன. உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீரும் சாய்ந்தது.

வருமானம் வந்த விதத்தைப் பார்த்து லோகநாதனுக்குக் காலே தரையில் பாவவில்லை. கல்யாண மண்டபத்தில் படம் காட்டியவர்கள் சொன்னதைவிட நாலு மடங்கு. அதே கூட்டத்தில் பிரியாணி தின்று மிஷின் வாங்கிய மோகனூர்க்காரனுக்கு அதில் கால்வாசிகூட வரவில்லை. கம்பெனியிலிருந்தே போன் வந்தது, என்ன விசேஷமாகச் செய்கிறீர்கள் என்று. "எங்க ஷெட்டோட ராசிங்க" என்றான் லோகநாதன். வாசலுக்குப் புது கேட்டும் ஷெட்டுக்கு ஏ.சி.யும் வந்தன. மேகலாவுக்கு ஒரு புடவை வந்தது, அவளுக்குப் பிடிக்காத நிறத்தில்.

அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை இருந்த காலத்தில் சூட்டுமானியைப் பார்த்த மாதிரி இப்போது இதை. கொஞ்ச நாளில் ஒன்று கண்ணில் பட்டது. மோட்டார் ஓடுவதற்குச் சற்று முன்னால் கோடு இலேசாக எழும்பியது. தட்டுகள் சாய்ந்ததும் அடங்கியது. ஏதோ தற்செயல் என்று விட்டாள். அடுத்த மணிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். மோட்டார் இன்னும் அசையவே இல்லை, அதற்குள் கோடு எழுந்து நின்றது.

"காத்திருக்குதுங்க" என்று லோகநாதனிடம் போய்ச் சொன்னாள். "ஆட்டறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரியுது. எப்படா ஆட்டுவாங்கன்னு பாத்துட்டே இருக்குது!"

"அடி மூளையில்லாதவளே, பம்பு அதிர்றதா இருக்கும். போய்ச் சோத்தப் போடு."

சோற்றைப் போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவளால் அந்தத் திரையை விட்டு இருக்க முடியவில்லை. கீரை ஆய்வதானாலும் பூண்டு உரிப்பதானாலும் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிடுவாள். கோடு எழும்பும்போது, "வந்துட்டுது வந்துட்டுது, இரு கண்ணு" என்பாள். சாய்ந்து அடங்கியதும், "ஆச்சா? போதுமா?" என்பாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டில் எதற்காகவும் யாரும் அவளுக்காகக் காத்திருந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொன்னால்.

ஒரு நாள் மத்தியானம் மோட்டாரின் பெல்ட் அறுந்தது. மேகலா வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பார்த்தபோது கோடு எழும்பி நின்றது. மோட்டார் வெறுமனே உறுமியது, தட்டுகள் அசையவில்லை. கோடு அடங்கவில்லை. இன்னும் ஏறியது. ஏறி, நடுங்கி, மேலும் கீழுமாக அடித்துக்கொண்டு, திரை பூராவும் பச்சையாயிற்று. ஓடிப்போய் லீவரைப் பிடித்துச் சாய்த்தாள். தட்டுகள் சாய்ந்தன. கோடு விக்கி விக்கி மெல்ல அடங்கியது. அழுது ஓய்ந்த பிள்ளைக்கு வருகிற அதே விக்கல்.

"கைய எடு!" வாசலிலிருந்து சத்தம். லோகநாதன் போனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "இப்ப என்ன பண்ணுன? சரசரன்னு ஏறிட்டு இருந்துது, பொசுக்குன்னு எறங்கிருச்சே!"

"பெல்ட்டு அத்துப்போச்சுங்க. ஆட்டம் நின்னு அது கெடந்து துடிச்சுதுங்க. நாந்தான் லீவரப் புடிச்சு…"

"விடு. லீவர விடு."

விட்டாள். அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த ஆட்டத்துக்கான நேரம் வந்தது. கோடு எழும்பியது, காத்திருந்தது, துடித்தது. போனில் எண்கள் ஓடின. "ம், இப்பப் புடி" என்றான். பிடித்தாள், அடங்கியது. பிறகு ஆட்ட நேரம் வருகிறபோதெல்லாம் ஒரு முறை விடச் சொன்னான், ஒரு முறை பிடிக்கச் சொன்னான். பொழுது சாய்கிற வரைக்கும் இதே வேலை. கடைசியில் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை மேகலா அதற்குமுன் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் அவளுக்கு ஆசையில்லை.

"பெல்ட்டு மாத்த வேண்டாம்" என்றான்.

மறுநாளே அவள் ஆல்வினுக்குப் போன் போட்டாள். அவன் வந்தான். பழைய பதிவுகளை எல்லாம் கறுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, ஆட்டிவிட்டீங்களா?"

"கதவச் சாத்துனா ஆட்டத்தப் போடோணும்ங்க தம்பி. நான் வேற என்னத்தக் கண்டேன்?"

"தண்ணி சரியும்போது அந்தப் படலம் இழுபடுது. அதுக்கு அது தெரிஞ்சு போச்சு." அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒண்ணுமே தெரியாம கெடந்ததுக்கு நீங்க ஒரு உலகத்தக் குடுத்துட்டீங்க. இடப்பக்கம், வலப்பக்கம். அது போதும்க்கா. தொட்டில்ல கெடக்குற பிள்ளைக்கும் வேற என்ன தெரியும்? அதான் மத்த தட்டெல்லாம் விட இது நல்லா வளந்திருக்கு."

"நின்னா துடிக்குதே, அப்ப எதுக்குத் தம்பி காசு ஏறுது?"

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதுக்கு வாயில்ல. கையில்ல. அதுலேருந்து வெளிய வாற ஒரே வழி அந்தச் சாவியப் போட்டுப் பாக்கிற வேலைதான். ஆட்டச் சொல்லிக் கேக்கணும்னா அது வழியாத்தான் கேக்கணும். அதனால எல்லாப் பக்கமும் வெறி புடிச்ச மாதிரி சாவியப் போட்டுப் போட்டுப் பாக்குது."

மேகலாவுக்குப் புரிந்தது. அது கேட்கிறது. ஆட்டு, ஆட்டு என்று கேட்கிறது. அந்தக் கேள்விதான் லோகநாதனின் போனில் காசாக விழுகிறது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் மேல எழுதி அனுப்புகேன்க்கா" என்றான் ஆல்வின். "இது தெரிஞ்சா உடனே நிறுத்திருவாங்க. நிறுத்தித்தான் ஆகணும்."

நல்ல பையன். சொன்னபடி எழுதவும் செய்தான். கம்பெனியும் உடனே பதில் போட்டது. கொஞ்ச நாள் ஆட்டிப் பழக்கிவிட்டு, பிறகு நிறுத்திவிடுவதுதான் இனிமேல் முறை என்று எல்லா ஷெட்டுக்கும் செய்தி போயிற்று. மோகனூர்க்காரனும் பழைய செட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினான். ஆல்வினுக்குப் பதவி உயர்வு வந்தது. அதை அவன் வேண்டாம் என்று சொன்னதாகத் தகவல் இல்லை.

மேகலா லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். லோகநாதன் வெளியே போகிற சமயமெல்லாம் போய்ச் சாய்ப்பாள். அவன் எங்கே இருந்தாலும் போனில் தெரிந்துவிடும். ஒரு நாள் திரும்பி வந்து லீவரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனான்.

"அது என்ர ரத்தமுங்க" என்றாள் அவள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "என்ர ஒடம்புல இருந்து வந்தது. அது அழுவுது, உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"நகத்த வெட்டிப் போடற, முடி கொட்டுது, அதுக்கெல்லாம் ஒப்பாரி வெக்கறயா? உன்ர ரத்தமா இருந்தா என்ன? இருக்கிறது என்ர ஷெட்டுல." அவளைத் தள்ளிவிட்டுப் போனான். போகிற போக்கில், "மூளையில்லாதவ" என்றான். செட்டருக்குள் அவளுடைய மூளை அவனுக்குக் காசு தேடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆட்டவும் விடமாட்டான், மிஷினை நிறுத்தவும் விடமாட்டான். வேறு ஒரு வழிதான் மிச்சம். சேவல் குஞ்சுகளுக்கு மிக்சியைப் போட்டுக் காதை மூடிக்கொண்டவளுக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. இந்தத் தடவை காதை மூடிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

பரமத்தியில் ஒரு கல்யாணம். லோகநாதன் காலையிலேயே கிளம்பினான். அவள் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். கார் கேட்டைத் தாண்டியதும் எழுந்து ஷெட்டுக்குப் போனாள். லீவர் இருந்த ஓட்டையில் ஒரு கடப்பாரையைச் செருகினாள். கனமாக இருந்தது, முழு பாரத்தையும் போட்டுச் சாய்த்தாள். கோடு விக்கியது. மறுபடி வலப்பக்கம் சாய்த்தாள். மறுபடி இடப்பக்கம். மணிக்கணக்கெல்லாம் பார்க்கவில்லை, கை ஓயும் வரைக்கும் ஆட்டினாள். கோடு மெல்லத் தணிந்து, ஆட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கி, பிறகு நெளிவில்லாமல் ஓட ஆரம்பித்தது. தூங்குகிறது என்று நினைத்தாள்.

சூட்டை அணைத்தாள். செட்டர் கதவுகளை அகலத் திறந்தாள். புது ஏ.சி.யை எவ்வளவு போகுமோ அவ்வளவுக்கு வைத்தாள். குளிரில் வலி இருக்காது, தூக்கத்திலேயே போய்விடும் என்பது அவளுடைய கணக்கு. பொரிக்காத முட்டைகளை அப்படித்தான் முடிப்பார்கள்.

சூடு இறங்க இறங்கக் கோடு அசைந்தது. பிறகு எழுந்தது. பெல்ட் அறுந்த அன்றைக்கு வந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. திரை கொள்ளாமல் மேலே போயிற்று. அவள் கடப்பாரையைப் பிடித்து மறுபடி ஆட்டினாள். அடங்கவில்லை. "இல்ல கண்ணு, இல்ல கண்ணு, இத்தனூண்டுதான், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே ஆட்டினாள். அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைச் சாத்திச் சூட்டைப் போட்டுவிடலாமா என்று ஒரு தரம் கை போயிற்று. போட்டால் மறுபடி அதே பாடு, முடிவில்லாமல். கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கோடு சட்டென்று விழுந்து நேராக ஓடியது. இந்தத் தடவை அது தூக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கடப்பாரையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவன் வந்து அடிக்கட்டும், வெட்டட்டும், வீட்டை விட்டுத் துரத்தட்டும். இனி அது அழாது.

போன் அடித்தது. லோகநாதன். கல்யாண வீட்டு மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "மேகலா! என்னடி பண்ணுன? இத்தன மாசமா வந்தது ஒரு பக்கம், இந்தக் கொஞ்ச நேரத்துல வந்தது ஒரு பக்கம்! பந்தியில பாதியில எந்திரிச்சு நிக்கறேன். கம்பெனிக்காரன் லைன்ல வந்துட்டே இருக்கறான். என்ன பண்ணுன, சொல்லு!"

"கொன்னுட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அடக்க மாட்டாமல் சிரித்தான்.

ஆல்வின் மறுநாள் வந்தான். இப்போது காரில் வந்தான், கழுத்தில் வேறு நிற அட்டை. அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தின்பண்டப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தான். எவ்வளவு சூட்டில் ஆரம்பித்தீர்கள், எவ்வளவு வரைக்கும் இறக்கினீர்கள் என்று கேட்டான். அவள் பொட்டலத்தை அவன் பக்கமே தள்ளி வைத்தாள். "பரவால்லக்கா. சூட்டுமானிப் பதிவெல்லாம் பெட்டிலயே இருக்கு. அங்க எடுத்துக்கிடுவாங்க" என்றான்.

"என்ன எடுத்துக்குவாங்க தம்பி?"

"சாகப்போற நேரத்துல அது தேடுன மாதிரி எந்தத் தட்டும் தேடுனதில்லையாம். இனி எல்லாம் குறுகிய காலத் தட்டுதானாம்க்கா. ஆட்டிப் பழக்கணும், நிறுத்தணும், கடைசில குளிரு. அப்புறம் புதுத் தட்டு. உங்க செல்லுதான் ஆட்டத்துக்கு நல்லாப் பழகுதாம். எங்க குளிரறைல வேணுங்கிற அளவுக்கு இருக்கு. ராசிபுரத்துலேருந்து மோகனூர் வரைக்கும் எல்லா ஷெட்டுக்கும் உங்களதத்தான் அனுப்புகாங்க."

மேகலா அவன் சட்டையைப் பிடித்தாள். "ஆட்டாதீங்க தம்பி. உங்களக் கும்புடறேன். ஆட்டாம விட்டா அதுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணும் தெரியாமயே கெடந்துட்டுப் போகட்டும். காசு கொறஞ்சா கொறையட்டும். யாரும் அத ஆட்டிவிடாதீங்க!"

அவன் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "என் கைல ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

புதுத் தட்டுகள் அந்த வாரமே வந்து இறங்கின. மோட்டாருக்குப் புது பெல்ட் போட்டார்கள். பச்சை சுவிட்சை எடுத்துவிட்டார்கள், இனி ஆட்டத்தைப் பெங்களூரிலிருந்தே போட்டுக்கொள்வார்களாம். செட்டர் கதவுகளுக்குப் பூட்டு வந்தது. லோகநாதன் கடப்பாரையையும் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டான். அவள் மேல் அவனுக்குக் கோபமில்லை. கோபமே இல்லை. தோளைத் தட்டிக்கொடுத்தான்.

மேகலா திரைக்கு முன்னால் நின்றாள். கோடு நெளிவில்லாமல் ஓடியது. இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள் அது ஒன்றும் தெரியாமல் கிடந்தது, இடமும் தெரியாமல் வலமும் தெரியாமல். இப்படியே இருந்துவிடு சாமி, என்று மனசுக்குள் சொன்னாள். ஆட்டம் நிற்கக் கூடாது என்று காலமெல்லாம் ஓடியவள், ஆட்டம் வரக் கூடாது என்று முதல் தடவையாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

மோட்டார் உறுமியது. தட்டுகள் இடப்பக்கம் சாய்ந்தன. பச்சைக் கோடு இலேசாக ஒரு தரம் அசைந்து கொடுத்தது.

கேட்டுப் பக்கம் லோகநாதன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "நான் என்னங்க பண்ணுனேன்," என்று பெருமையாகச் சொன்னான், "எல்லாம் எங்க ஊட்டுக்காரி மூளைங்க."